ஏழு வாரம் பின்தங்கிய ரீடர்

வாங்கோங் கடற்கரையில் சிப்பி வளர்ப்பவர்களில் மூக்குக்கண்ணாடியை வண்டியின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தவர் ஹுங் வான்-தே ஒருவர்தான். தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்வரை மற்றவர்கள் தங்கள் இரும்பு மோட்டார் வண்டிகளில் சாய்ந்துகொண்டு பாக்கு மெல்லுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். வான்-தே சம்மணமிட்டு உட்கார்ந்து படிப்பார். அந்த வெயிலில் கைபேசியைத் திறந்தால் கறுப்புக் கண்ணாடியில் நம் மூஞ்சிதான் தெரியும். புத்தகம் படிப்பதற்கென்றே செய்த அவருடைய மின்பலகை, ரீடர், வேறு சாதி. வெயில் ஏற ஏற அதில் எழுத்துத் தெளியும். சிப்பிக்கறி கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பைக்குள் அதைப் போட்டு வாயை இறுக்கிவிடுவார். பைக்கு மேலேயே விரலால் தட்டிப் பக்கம் திருப்புவார்.

அதை வாங்கிக் கொடுத்தவள் மகள் யீ-ஜென். வடக்கே சின்ச்சூவில் ரீடர்களின் திரைக்கான தாளை வெட்டும் ஆலையில் வேலை. "உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் வெட்டறதோட சரி" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

வான்-தே அதில் முதல் காரியமாகத் தேதியை மாற்றினார். சேற்றில் வேலை செய்பவனுக்கு நிலாக் கணக்குத்தான் தேதி. இன்று பிறை எத்தனை என்று தெரிந்தால் தண்ணீர் எப்போது வற்றும், எப்போது திரும்பும் என்பது தெரியும். அக்டோபர் என்றும் நவம்பர் என்றும் சொல்வதால் ஒரு சிப்பிக்கும் பிரயோசனமில்லை. அதனால் ரீடரின் மூலையில் நிலாத் தேதியையே வைத்தார்; நிலாவுக்கு எட்டாம் மாதம் என்றால் ரீடருக்கு ஆகஸ்ட். ஒவ்வொரு அமாவாசைக்கும் கையால் திருத்துவார். கருவி தானாக ஊர்த் தேதிக்கு மாறிவிடக்கூடாது என்று இணையத் தொடர்பையே அணைத்து வைத்தார். இரண்டாம் மாதத்தில் முப்பதாம் தேதி வந்தால் மட்டும் ரீடரிடம் அதற்கு எண் கிடையாது. அந்த ஒரு நாள் அவர் மூலையைப் பார்க்காமலே படித்துவிடுவார்.

மாலையில் சிப்பி உடைக்கும் கொட்டகையில் அவர் எங்களுக்கு வாசிப்பார். எங்கள் கை ஈரம், கையில் கத்தி. ஆகவே வாசிக்க அவர், கேட்க நாங்கள். அவர் குரல் கேட்டுச் சிப்பிகள் தாமாகவே வாய் திறந்தன என்று நான் பல ஊர்களில் சொல்லியிருக்கிறேன். அது கொஞ்சம் மிகை. வாய் திறந்தது நாங்கள்தான். கத்தியை மடியில் போட்டுவிட்டு.

கொட்டகையில் கத்தியைக் கீழே போடாதவள் அவர் மனைவி சூ-லுவான் மட்டுமே. அவள் கை நிற்காது, வாயும் நிற்காது.

வாசித்தது ஒரே கதை. உப்பு வியாபாரியின் மகள் ஒருத்திக்குத் தகப்பன் உறையிட்ட வாள் ஒன்றை விட்டுச் செத்துப்போகிறான். உறையைத் திறக்க வேண்டிய நேரம் வரும்வரை திறக்காதே என்கிறான். அவளும் திறக்கவில்லை. ஆயிரத்து நானூறு அத்தியாயமாகத் திறக்கவில்லை. மலைக்கொள்ளையரை மூடிய உறையாலேயே அடித்து விரட்டினாள். ஒரு ராஜாவின் பல்லைக்கூட அப்படித்தான் உடைத்தாள்.

"உறைக்குள்ள ஒண்ணுமே இல்ல" என்பது சூ-லுவானின் கட்சி. "அப்பன்காரன் உப்பு வியாபாரி. வாளுக்கு எங்க போவான்? வெறும் உறையக் குடுத்து ஏமாத்திட்டான்."

"இருக்கும். ஆயிரத்து நானூறு அத்தியாயம் ஒருத்தன் காலி உறைக்காகவா எழுதுவான்?" என்பார் வான்-தே.

"நீங்க நாப்பது வருஷமா பேசிக்கிட்டிருக்கீங்க. அதுல என்ன இருந்துச்சு?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் கொட்டகையின் தகரம் இரண்டு பறந்துபோனது. ஒன்றைப் பக்கத்து ஊரான லூகாங்கில் கோயில் வாசலில் கண்டெடுத்தார்கள். பந்தயம் அன்றைக்கே முடிவானது: தோற்றவர் மிச்ச ஆயுளுக்கும் பாத்திரம் கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே அத்தியாயம், முன்னால் புரட்டிப் பார்க்கக் கூடாது. இதுவும் சூ-லுவானின் சட்டம்.

கடைசிப் பகுதிக்கு வந்திருந்தோம். கோடை முடியும் சமயம். கொட்டகையில் சூ-லுவான் கத்தியைக் கீழே வைத்தாள். எங்களுக்கு அதுவே அதிசயமாக இருந்தது. "தலை என்னமோ பண்ணுது" என்றாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

வான்-தே அழவில்லை. அழாமல் இருக்கப் பாடுபட்டதாகவும் தெரியவில்லை. சவ ஊர்வலத்தில் எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே நின்றார். மண்டியிடு என்றால் மண்டியிட்டார். எழுந்திருக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள், அப்படியே இருந்தார். பிறகு மறுபடியும் சேற்றுக்குப் போனார். பூட்ஸ் போட மறந்த ஒரு நாள் சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்க, வண்டிவரை ரத்தத் தடம் விட்டுக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். பக்கத்து வண்டிக்காரர் கத்தியபோது குனிந்து பார்த்தார். "என்னுதா?" என்று கேட்டார்.

வீட்டில் சூ-லுவானின் படத்துக்கு முன்னால் ஒரு சிறு மேசை போட்டு, காகிதத்தில் எழுதிய பெயர்ப்பலகையை வைத்திருந்தார்கள். காலையில் அவளுக்கு முகம் கழுவத் தண்ணீர், துண்டு, பல் துலக்கி. பிறகு ஒரு கிண்ணம் சோறு. எல்லாம் அவரே செய்தார், யாரோ எழுதிக் கொடுத்த வேலைபோல. மாலையில் மேசைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு ஒரு அத்தியாயம் வாசிப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் குரல் பழைய குரலாக இருந்தது. நாங்களும் ஒவ்வொருவராகச் சிப்பி வாளியோடு அந்த முன்னறைக்கே குடிபெயர்ந்தோம். துக்கம் கேட்க வந்தோம் என்று பெயர். உண்மையில் உறைக்குள் என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

நடு இலையுதிர் நிலாப் பண்டிகைக்கு யீ-ஜென் ஊருக்கு வந்தாள். அப்பா முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்திருக்கிறது. ரீடர் தூங்கும்போது திரையில் ஒரு படம் நிற்குமே, அந்த இடத்தில் அம்மாவின் படத்தை வைக்கலாம் என்று தோன்றியது. கைபேசியிலிருந்து படத்தை அனுப்ப இணையத்தைத் திறந்தாள். படம் உள்ளே போனது. அதன் பின்னாலேயே, தேதி திருந்துவதற்குள், கேட்காத விருந்தாளிபோல ஒரு அப்டேட்டும் உள்ளே போனது.

கோடையிலேயே வெளிவந்த அப்டேட் அது. கோளாறானது. ஏற்கெனவே பல பேருடைய கருவிகளை அது பாதி வழியில் நிறுத்தியிருந்தது. வான்-தேயுடையதையும் நிறுத்தியது. திரையில் ஒரு பட்டை வந்தது. பாதியைத் தாண்டியது. நின்றுவிட்டது. கீழே ஒரு சிறு விளக்கு மட்டும் மினுக்கி மினுக்கி அணைந்தது.

"அப்பா, பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருங்க."

பிடித்தார். பட்டை மறைந்து, திரை ஒரு முறை கறுத்து, மறுபடியும் அதே பட்டை அதே இடத்தில் வந்து நின்றது.

"விடுங்க. திரும்பப் பிடிங்க."

பிடித்தார். அவள் விடச் சொல்ல மறந்து கணினியில் தேடிக்கொண்டிருந்தாள். சோறு வேகும் நேரம் முழுக்க அவர் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்பா! விட்டுடுங்கப்பா!"

விட்டார்.

"நான் வேற வாங்கித் தரேன்ப்பா. இதைவிட நல்லதா."

"அதுல கதை இருக்குமா?"

யீ-ஜென் தேடிப் பார்த்தாள். கதை வெளியான இணையதளம் மூடிப் பல காலம் ஆகியிருந்தது. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. வான்-தே எப்போதோ இறக்கி வைத்த அந்த ஒரு பிரதிதான், அந்த ரீடருக்குள்தான். அவள் கணினியை மூடிவிட்டு அழுதாள். அவர் நிலாப் பண்டிகைப் பணியாரத்தை இரண்டாக வெட்டி ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

மறுநாள் ரீடரைத் தூக்கிக்கொண்டு லூகாங் போனார். அங்கே கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவள் ஷியே மன்-லி. அதே கோளாறோடு அவளிடம் இதற்கு முன்பும் சிலர் வந்திருந்தார்கள்.

"ரெண்டு வழி இருக்குண்ணே. மொத்தமாத் துடைச்சு, கடையில வாங்கின நாள் மாதிரி ஆக்கிடலாம். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்."

வான்-தே ரீடரின் மேல் கையை வைத்தார்.

"சரி, சரி, எடுங்க கைய. இன்னொரு வழி. கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டுச் சரிபண்ற கோப்பு ஒண்ணு இந்த வாரம்தான் விட்டிருக்கான். அதைப் போட்டா உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும்."

அந்தக் கோப்பை ஒரு சின்ன மெமரி அட்டையில் ஏற்றி ரீடரின் விலாவில் செருகினாள். பொத்தானை அமுக்கினாள். பட்டை மறைந்து எறும்பு வரிசைபோலச் சிறு எழுத்துகள் ஓடின. நின்றன. மறுபடி பட்டை. அவள் அட்டையை மாற்றிப் பார்த்தாள், கம்பியை மாற்றிப் பார்த்தாள், வேறு கணினியில் செருகிப் பார்த்தாள். கடைசியில் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து எறும்பு வரிசையைப் படித்தாள்.

"அண்ணே, இந்தக் கோப்பு இன்னும் பொறக்கவே இல்லைங்குது உங்க ரீடர்."

"ம்."

"அதோட கடிகாரத்துல இன்னும் ஆகஸ்ட் மாசம்தான் ஓடிக்கிட்டிருக்கு."

"ஆமா."

"ஆமாவா? இப்ப அக்டோபர்ண்ணே!"

"உனக்கு அக்டோபர். தண்ணிக்கு எட்டாம் மாசம்."

மன்-லி அவரைப் பார்த்தாள். அவர் ரப்பர் பூட்ஸைப் பார்த்தாள். அதில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். அவள் தகப்பனும் சேற்றுக்காரர்தான், புரிந்துவிட்டது. அந்த வருடம் நிலாக் கணக்கில் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது. அதனால் வழக்கத்தைவிட அதிகமாக, ஏழு வாரம் பின்னால் இருந்தது ரீடர். கோடையில் வந்த கெட்ட அப்டேட் அதன் கணக்கில் பழையது, ஏற்றுக்கொண்டது. இந்த வாரம் வந்த நல்லது எதிர்காலத்துச் சரக்கு, வாசலிலேயே நிறுத்திவிட்டது.

"தேதிய மாத்திடேன்" என்றார் வான்-தே.

"மாத்தணும்னா உள்ள போகணும். உள்ள போகணும்னா அது முழிக்கணும். முழிக்கணும்னா தேதி சரியா இருக்கணும்."

"பேட்டரியக் கழட்டிட்டா?"

"ஐயோ, அது மட்டும் வேண்டாம். கடிகாரம் இது செஞ்ச வருஷத்துக்கே போயிடும். அப்புறம் பல வருஷம் உக்காந்திருக்கணும். இது வேற முழிக்கப் பாத்து முழிக்கப் பாத்து சார்ஜைக் குடிக்குது. ஒரு நாள் கம்பிய எடுத்தாலும் செத்துடும்."

"அப்ப என்ன செய்யறது?"

"அட்டை உள்ளயே இருக்கட்டும். கம்பி எப்பவும் செருகியே இருக்கட்டும். அது பாட்டுக்கு முழிக்கப் பாத்துக்கிட்டே இருக்கும். அதோட கணக்குல அந்த நாள் வந்ததும் தானா ஏத்துக்கும்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க ஒண்ணுமே செய்யாம இருக்கணும்ண்ணே. அதான் வைத்தியம்."

"அது எனக்கு இப்ப நல்லாவே வருது" என்றார் வான்-தே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சூ-லுவானின் நூறாம் நாள் ரீடர் விழிக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிடும். எங்கள் பக்கம் இப்போதெல்லாம் நூறாம் நாளோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள். காகிதப் பெயர்ப்பலகையை எரித்து, சாம்பலில் ஒரு சிட்டிகையை முன்னோர் தூபக்கிண்ணத்தில் சேர்த்து, மேசையைத் தூக்கிவிடுவார்கள். பழைய முறையில் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். யாருக்கு இருக்கிறது ஒரு வருடம்? மேசை போய்விட்டால் அவள் பொதுவில் கலந்துவிடுகிறாள். கொள்ளுப்பாட்டன்கள், பெரியத்தைகள் என்று பெருங்கூட்டத்தில் ஒருத்தியாகிறாள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று ஆயிரத்து நானூற்றுச் சொச்சமாவது அத்தியாயத்தை யாருக்கு வாசிப்பது? முதல் அத்தியாயத்திலிருந்து சொல் என்று பெரியத்தை ஒருத்தி ஆரம்பித்துவிட்டால்?

ரீடர் மேசைமேல் சூ-லுவானின் படத்துக்குப் பக்கத்திலேயே செருகிக் கிடந்தது. அவர் மாலையில் முக்காலி போட்டு அதற்கு முன்னால் உட்காருவார். வாசிக்க ஒன்றுமில்லை. விளக்கு மினுக்கும், அணையும். நாங்கள் சிப்பி உடைத்தோம். கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

நூறாம் நாள் காலை சூ-லுவானின் தங்கை ஜின்-யே வந்து இறங்கினாள். தட்டு, பழம், பொரித்த மீன், எரித்துப் படைக்கத் தங்கக் காகிதக் கட்டு, வாய் நிறைய உத்தரவு. வான்-தே வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பார்த்தபோது ரீடரின் கம்பி தரையில் கிடந்தது. அது இருந்த சுவர்த் துளையில் ஜின்-யேயின் நீராவிப் பானை செருகப்பட்டு, ஆமை வடிவத்தில் பிடித்த இனிப்புப் பணியாரம் வெந்துகொண்டிருந்தது.

அவர் கம்பியைப் பார்த்தார். ரீடரை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். விளக்கு இல்லை. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். நெடு நேரம் கழித்து, பழுக்கக் காத்திருக்கும் காய்போல மெல்லச் சிவந்து, விளக்கு ஒரு தடவை மினுக்கியது.

"ஏன் அத்தான் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? ஒரு பானை வேகற நேரந்தானே எடுத்தேன்!"

அவர் வெளியே போய், சிப்பி வண்டியின் பேட்டரியில் கம்பியை இணைத்து, ரீடரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கண்ணாடி தொங்கும் கைப்பிடியில் கட்டினார். பிறகு உள்ளே வந்து கை கழுவினார்.

"மேசைய இன்னைக்கு எடுக்கல" என்றார்.

"என்னது?"

"கதை முடியல."

"அத்தான், உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா? பூசாரி வந்தாச்சு. யீ-ஜென் லீவு போட்டு வந்திருக்கா. நான் ஆமைப் பணியாரம் செஞ்சிருக்கேன்!"

"பணியாரம் சாப்பிடலாம்."

"யீ-ஜென், உங்கப்பாகிட்ட நீயே சொல்லு!"

யீ-ஜென் தரையைப் பார்த்தாள். "நான்தான் சித்தி இணையத்தைத் திறந்தேன்" என்றாள்.

பூசாரி நல்ல மனிதர். இரண்டு வீடு தள்ளி இன்னொரு காரியம் இருந்தது. "சண்டை எதுக்கு? மேசையில இருக்கறவங்களையே கேட்டுடுவோம்" என்று சிவப்புப் பிறைக்கட்டை இரண்டை எடுத்து நீட்டினார். கீழே விடும்போது ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன். இரண்டும் மல்லாந்தால் சிரிக்கிறார்கள், பதில் இல்லை.

ஜின்-யே முந்திக்கொண்டாள். மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, "அக்கா, நான் ஜின்-யே. இன்னைக்கே மேசைய எடுத்துடலாமில்ல?" என்று கட்டைகளை விட்டாள். இரண்டும் மல்லாந்தன.

"கை நழுவிடுச்சு" என்று மறுபடி விட்டாள். இரண்டும் மல்லாந்தன. ஒன்று உருண்டு போய் எங்கள் சிப்பி வாளியில் முட்டி நின்றது.

"உயிரோட இருக்கும்போதும் நான் ஏதாவது கேட்டா இப்படித்தான் சிரிப்பா" என்றாள் ஜின்-யே. அவள் கண் கலங்கிவிட்டது.

வான்-தே கட்டைகளை வாங்கினார். "கதை முடியற வரைக்கும் இருக்கியா?" என்றார். விட்டார். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கட்டைகளைப் பொறுக்கிப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு, ஆமைப் பணியாரம் வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

அதிலிருந்து ரீடர் வண்டியிலேயே வாழ்ந்தது. சேற்றுக்குப் போனால் கூடப் போகும், வந்தால் கூட வரும். நாங்கள் விடவில்லை.

"அண்ணே, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?"

"காத்துல போகாதீங்க, சளி புடிச்சுக்கும்!"

"அது எந்த மாசத்துல இருக்குண்ணே இப்ப? அங்க வெயிலா, மழையா?"

"ஒன்பதாம் மாசம். காத்து ஆரம்பிச்சிருக்கு" என்பார் அவர், கேட்டதற்குப் பதிலாக.

வடகிழக்குக் காற்று அந்த வருடம் கடுமை. காற்றாலை ஒன்று சுற்றிய சுற்றில் ஒரு கொக்கு நேரே தெற்குத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்றால் யாரும் நம்புவதில்லை. போகட்டும். கரண்டு மூன்று தடவை போனது உண்மை. வண்டிப் பேட்டரி கைவிடவில்லை.

ஒரு நாள் பகலில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அவர் மூங்கில் வரிசைகளுக்கு நடுவே குனிந்து சிப்பிச் சரம் அறுத்துக்கொண்டிருந்தார். வண்டியில் கூடையை வைக்க வந்தபோது பையைப் பார்த்தார். பட்டை நகர்ந்திருந்தது. பாதியைத் தாண்டி நின்றிருந்த அந்தப் பட்டை முக்காலுக்கு வந்திருந்தது. அவர் கூடையைப் பிடித்தபடியே நின்றார். பட்டை முழுதாக நிரம்பியது. திரை கறுத்தது, வெளுத்தது, மறுபடி கறுத்தது. பிறகு சூ-லுவான் தெரிந்தாள்.

மகள் அனுப்பிய படம். கொட்டகையில் எடுத்தது. கையில் கத்தி, தலையில் பூப்போட்ட துணி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, படமெடுப்பவளை ஏதோ திட்டுவதற்கு வாயைத் திறந்திருந்தாள். வெயில் ஏற ஏற அவள் இன்னும் தெளிவாகத் தெரிந்தாள்.

தண்ணீர் திரும்ப ஆரம்பித்தது. மற்ற வண்டிகள் கரைக்குக் கிளம்பிவிட்டன. "வான்-தே! சக்கரம் முழுகுதுய்யா! என்னய்யா பாக்கற?" என்று பக்கத்து வண்டிக்காரர் கத்தினார்.

"முழிச்சிடுச்சு."

"என்ன முழிச்சிடுச்சு? ஏறி உக்காரு!"

அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினார். அவ்வளவுதான்.

மிச்சமிருந்த அத்தியாயங்களை ஒரு நாளைக்கு ஒன்றாகவே வாசித்தார். கதை முடியும் நாளில் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. ஜின்-யே வந்திருந்தாள். யீ-ஜென் கைபேசியின் மறுமுனையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பழுது பார்க்கும் மன்-லிகூட, ரீடர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவள்போல வந்து கதவோரம் நின்றாள். என் முக்காலி அவர் தோளுக்குப் பின்னால் இருந்தது. அவர் எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவர். ஒரு பக்கத்தில் பத்து வரிதான் வரும். எனக்குத் தூரப்பார்வை கழுகுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் நல்லது.

உப்பு வியாபாரியின் மகள் மலை உச்சியில் நின்றாள். எதிரி எதிரே நின்றான். பனி பெய்தது. அவள் உறையின் வாயில் கை வைத்தாள். பக்கம் திருப்பினார்.

அங்கே எழுதியிருந்தது இது: வாள் உறையிலிருந்து ஓசையின்றி வந்தது, ஆயிரம் குளிர்காலங்களின் வெண்மையோடு.

வான்-தே நிமிர்ந்து சூ-லுவானின் படத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உறை காலியாக இருந்தது" என்று வாசித்தார்.

முன்னறையே கத்தியது. "சூ-லுவான் சொன்னா! நான் சொல்லல? அவ சொன்னா!" ஒருத்தி வாளியைக் கவிழ்த்துவிட்டாள். ஜின்-யே மேசையைத் தட்டி, "அக்கா, ஜெயிச்சுட்டே! இனிமே அத்தான்தான் பாத்திரம் கழுவணும்!" என்றாள்.

அவர் கையைத் தூக்கி எங்களை அமர்த்திவிட்டுத் தொடர்ந்தார். காலி உறையால் எதிரியின் தலையில் ஒரு போடு போட்டாள் என்றார். எதிரி விழுந்தான் என்றார். அவள் ஊருக்குத் திரும்பி உப்புக்கடை வைத்தாள் என்றார். கதை கட்டிப் பழக்கமில்லாதவர், அவசரத்தில் பனி பெய்துகொண்டிருந்ததையே மறந்துவிட்டார். என்னைக் கேட்டிருந்தால் அந்த உறைக்குள்ளிருந்து ஒரு நண்டையாவது வரவழைத்திருப்பேன். கேட்கவில்லை. நான் என் சிப்பியைப் பார்த்து உடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரியைச் சொல்லி ரீடரை மூடினார். பிறைக்கட்டைகளை எடுத்தார்.

"சூ-லுவான். உறை காலி. நீதான் ஜெயிச்சே. சரியா?"

இரண்டும் மல்லாந்தன.

"அக்கா சந்தோஷத்துல சிரிக்கறா!" என்றாள் ஜின்-யே.

அவர் மறுபடி விட்டார். இரண்டும் மல்லாந்தன. மூன்றாம் முறையும் அப்படியே. நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் யார் என்ன மறைக்க முடியும்?

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கட்டைகளைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மேசைமேல் ஆறிப்போயிருந்த சோற்றுக் கிண்ணத்தையும் சாப்பாட்டுக் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு, எங்கள் முக்காலிகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். குழாயைத் திறந்தார். கிண்ணத்தைக் கழுவினார்.

"வேற ஏதாவது இருக்கா கழுவ?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.